போர்தோ சிவப்பு ஒயின்: ஒரு விளைச்சல் ஆண்டைத் துவர்ப்பில் படிப்பது எப்படி?

கேள்வி இது: “2016 போர்தோவுக்கு அருமையான ஆண்டு என்று கடைக்காரர் சொன்னதை நம்பி மெதோக் வட்டாரத்து ஒயின் ஆறு பாட்டில் வாங்கினேன். ஒன்றைத் திறந்து குடித்தால் வாயெல்லாம் இழுத்துப் பிடிக்கிறது. அதே வாரம் நண்பர் வீட்டில் 2013 குடித்தேன். மோசமான ஆண்டு என்று எல்லோரும் சொல்வது அதைத்தான், ஆனால் இதைவிடச் சுலபமாக இறங்கியது. நல்ல ஆண்டு என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? நாமே ருசித்துக் கண்டுபிடிக்க முடியுமா, நிபுணர் போடும் மதிப்பெண்ணை நம்புவதுதான் வழியா?”

கண்டுபிடிக்க முடியும். பிரான்சின் போர்தோ நகரில் ஒரு ஒயின் வணிகரிடம் ருசி பார்க்கும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வாய் இழுத்துப் பிடித்தது என்று எழுதினீர்களே, அந்த இழுப்புதான் அளவுகோல். எவ்வளவு இழுத்தது என்பது முக்கியமில்லை. எப்படி இழுத்தது, எங்கே இழுத்தது, இழுத்த பிறகு வாயில் என்ன மிஞ்சியது என்று பாருங்கள். அந்த வருடத்து மழையும் வெயிலும் அதில் எழுதியிருக்கும்.

இந்த விஷயத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கே முதன்முதலாக ருசி பார்க்க வரும் இளைஞர்கள் கசப்பையும் துவர்ப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு மாதம் ஆகும். நமக்கு அது அறுசுவையில் தனியாகப் பெயர் பெற்ற சுவை. வாழைப்பூ, நாவற்பழம், பாக்கு, மாதுளைத் தோல் என்று சின்ன வயதிலேயே நாக்குக்குத் தெரியும். அதைவிட முக்கியம், துவர்ப்பில் இரண்டு ஜாதி உண்டு என்பதும் நமக்குத் தெரியும். பழுக்காத வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு தடித்துப் போகும். ஈறில் பசை ஒட்டியது போல இருக்கும், தண்ணீர் குடித்தாலும் போகாது. நெல்லிக்காய் கடித்தாலும் துவர்க்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் எச்சில் ஊறி, மேலே ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இனிக்கிறது. பழுக்காத ஆண்டின் துவர்ப்பு வாழைக்காய் ஜாதி, பழுத்த ஆண்டின் துவர்ப்பு நெல்லி ஜாதி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

துவர்ப்புக்குக் காரணம் திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருக்கும் டேனின். உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு அது சேர்ந்து திரிந்துவிடும். வாயின் வழுவழுப்பு போய்விடும். அதனால்தான் நாக்கும் அண்ணமும் ஒன்றோடொன்று உரசுவது போலத் தோன்றுகிறது. கறுப்புத் தேநீரில் பால் ஊற்றியதும் துவர்ப்பு அடங்குகிறதே, அதுவும் இதே கதைதான். பாலின் புரதம் முந்திக்கொண்டு டேனினைப் பிடித்துக்கொள்கிறது. போர்தோவில் 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றி ஒயினைத் தெளிய வைப்பது பழைய வழக்கம். மிஞ்சிய மஞ்சள் கருவில் பிறந்ததுதான் கனெலே என்ற பலகாரம் என்று ஊரில் சொல்வார்கள்.

இனி வானிலை எப்படித் துவர்ப்பாகிறது என்று பார்க்கலாம். போர்தோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெனி துபுர்தியே ஒரு நல்ல சிவப்பு ஒயின் ஆண்டுக்கு ஐந்து நிபந்தனைகள் சொன்னார். சீக்கிரமாக, ஒரே வீச்சில் பூக்க வேண்டும். பூ உதிராமல் பிஞ்சு பிடிக்க வேண்டும். ஜூலையில் மெல்ல மெல்லத் தண்ணீர் குறைந்து, பழம் நிறம் மாறும் நேரத்தில் கொடி தன் வளர்ச்சியை நிறுத்திவிட வேண்டும். ஆகஸ்டும் செப்டம்பரும் அளவான சூட்டோடு வறண்டிருக்க வேண்டும். கடைசியாக, அறுவடை நேரத்தில் மழை வரக் கூடாது.

மூன்றாவது நிபந்தனைதான் துவர்ப்பின் தாய். கொடிக்குத் தாராளமாகத் தண்ணீர் கிடைத்தால் அது இலையும் தளிருமாக விட்டுக்கொண்டே போகும், பழத்தைக் கவனிக்காது. தண்ணீர் குறைந்தால் வளர்ச்சியை நிறுத்திவிட்டுப் பழத்தின் பக்கம் திரும்பும். பழம் சிறுத்து, தோல் தடித்து, சாறும் தோலும் சேரும் விகிதம் மாறும். கொட்டை பச்சையிலிருந்து பழுப்புக்கு வரும். செப்டம்பரில் தோட்டத்துக்குப் போனால் அறுவடையை முடிவு செய்பவர்கள் வரிசை வரிசையாக நடந்து, பழத்தை வாயில் போட்டு, தோலைத் தனியாக மென்று, கொட்டையைக் கடித்துப் பார்ப்பதைப் பார்க்கலாம். பழுக்காத கொட்டை பச்சைக் கசப்போடு நாக்கைப் பிடிக்கும். பழுத்தது வறுத்த கடலை போல மொறுமொறுவென்று உடையும். சர்க்கரை அளவை ஒரு கருவி சொல்லிவிடும். இதைப் பல்தான் சொல்ல வேண்டும்.

2016இல் ஜூன் வரை விடாமல் மழை. தோட்டக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஆனால் ஜூன் தொடக்கத்தில் பூக்கும் நேரத்துக்கு மட்டும் வானம் வெளுத்தது, பிஞ்சு நன்றாகப் பிடித்தது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை மழை கிட்டத்தட்ட இல்லை. வசந்தத்தில் பெய்த மழை களிமண்ணுக்கு அடியிலும் சுண்ணாம்புப் பாறையிலும் சேமிப்பாக நின்றதால் கொடி வாடியதே தவிரக் கருகவில்லை. இளங்கொடிகள்தான் கஷ்டப்பட்டன. செப்டம்பர் நடுவில் ஒரு மழை பெய்தது. அது வேண்டியிருந்த மழை. பிறகு பகலில் வெயில், இரவில் குளிர், அவசரமில்லாத அறுவடை அக்டோபருக்குள்ளும் நீண்டது. குளிர்ந்த இரவுகள் புளிப்பைக் காப்பாற்றின. அதனால்தான் 2016இல் டேனின் ஏராளம், ஆனால் ஒயின் கனக்கவில்லை. துபுர்தியேயின் ஐந்து நிபந்தனைகளும் ஏறக்குறைய முழுதாகக் கூடிவந்த ஆண்டு அது. அவர் அந்த அறுவடையைப் பார்க்கவில்லை, ஜூலையிலேயே காலமாகிவிட்டார். அந்த ஆண்டு ஒயினைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

2013 இதற்கு நேரெதிர். வசந்தம் குளிர்ந்து நனைந்து கிடந்தது. பூக்கும் நேரத்தில் மழையும் குளிரும் சேர்ந்து பூ உதிர்ந்தது. பிடித்த குலையிலும் ஒரு பழம் பட்டாணி அளவு, பக்கத்தில் ஒன்று மிளகு அளவு. ஜூலையும் ஆகஸ்டும் கொஞ்சம் கைகொடுத்தன. செப்டம்பர் கடைசியில் ஈரத்தோடு வெப்பமும் வந்து அழுகல் பூஞ்சை பரவ, பழுக்கும் வரை காத்திருந்தால் பழமே இருக்காது என்ற நிலையில் பறித்தார்கள். பழுக்காத தோலை ஊற வைத்து அழுத்தி எடுத்தால் பச்சைத் துவர்ப்பு வரும் என்று தெரிந்தவர்கள், மென்மையாகக் கொஞ்சமே எடுத்தார்கள். அது சரியான முடிவு. உங்கள் நண்பர் வீட்டு 2013 சுலபமாக இறங்கியதன் காரணம் இதுதான். அதில் எடுப்பதற்கே அதிகம் இல்லை. குடிக்க எளிதான ஒயின் என்பதும் நல்ல ஆண்டு என்பதும் வேறு வேறு விஷயங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. போர்தோ ஒரே ஊர் போலப் பேசப்படுகிறது, ஆனால் ஆற்றின் இரு கரையும் இரு நாடு. கரோனும் தோர்தோனும் சேர்ந்து ஜிரோந்த் என்ற முகத்துவாரமாகக் கடலுக்குப் போகின்றன. இடது கரையில் மெதோக்: சரளைக் கல் மேடுகள், காபர்னே சோவின்யோன் திராட்சையின் ஆட்சி. வலது கரையில் செயின்ட் எமிலியோனும் போமரோலும்: களிமண், சுண்ணாம்பு, மெர்லோவும் காபர்னே ஃப்ரானும். மெர்லோ ஒன்றிரண்டு வாரம் முந்திப் பழுக்கும். எனவே செப்டம்பர் கடைசியில் ஒரு வாரம் மழை பெய்தால் ஒரு கரை தப்பிக்கும், இன்னொன்று மாட்டும். 1998இல் வலது கரை மெர்லோவை மழைக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. இடது கரைக் காபர்னே நனைந்தது. 1996இல் ஆட்டம் தலைகீழ், காபர்னேக்கு வந்த நல்ல காலம் மெதோக்கின் ஆண்டாக்கியது. 1964இல் அக்டோபர் மழைக்கு முன் பறித்தவர் பிழைத்தார், காத்திருந்தவர் நனைந்தார். 2003 வெப்ப அலையில் போமரோலின் பல இடங்கள் வாடியபோது, மெதோக்கின் வடக்கே களிமண் அதிகமுள்ள செயின்ட் எஸ்தெஃப் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நல்ல ஒயின் தந்தது. 2017 ஏப்ரல் கடைசியில் உறைபனி பல தோட்டங்களின் தளிரைக் கருக்கியது, ஆனால் ஜிரோந்த் நீரோரம் இருந்த தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. ‘ஆண்டு’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்பவர்களிடம் நான் எப்போதும் ‘எந்தக் கரை?’ என்று திருப்பிக் கேட்பேன்.

அடுத்தது, எந்த ஒயின்களை வைத்து மதிப்பிடுவது. பெரும்பாலானவர்கள் புகழ்பெற்ற பெயர்களிலிருந்து தொடங்குகிறார்கள். லத்தூர், லஃபீத், மார்கோ என்று. ஆண்டை அறிய அவை உதவாது என்பது என் உறுதியான கருத்து. பணமுள்ள தோட்டம் சுமாரான ஆண்டை மறைக்கும் வல்லமை கொண்டது. பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும். சரியில்லாத தொட்டிகளை, வேறு பெயரில் குறைந்த விலைக்கு விற்கும் இரண்டாம் ஒயினுக்கு ஒதுக்கிவிடும். மூன்று முறை ஆள் விட்டு வேறு வேறு நாளில் பறிக்கும். அவ்வளவும் செய்த பிறகு கோப்பையில் வருவது அந்தத் தோட்டத்தின் திறமை. ஆண்டு எப்படி என்று கேட்க வேண்டியது எளிய தோட்டங்களிடம்: மெதோக்கின் க்ரூ பூர்ஷ்வா வகை, செயின்ட் எமிலியோனைச் சுற்றியுள்ள சிறு ஊர்களின் ஒயின், பாட்டில் லேபிளில் வெறும் ‘போர்தோ’ என்று மட்டும் போட்டவை. நல்ல ஆண்டில் இந்தச் சின்ன ஒயின்களும் தலை நிமிர்ந்து நிற்கும். ஏரி நிறைந்தால் கடைமடை வரை தண்ணீர் போகும் என்பது போலத்தான். 2016இல் அது நடந்தது, 2013இல் நடக்கவில்லை.

ஆகவே வீட்டில் செய்ய நினைத்தால் ஒரே ஆண்டின் ஆறு முதல் பன்னிரண்டு பாட்டில், ஏறக்குறைய ஒரே விலையில், இரு கரையிலிருந்தும் எடுங்கள். நாலு நண்பர்கள் சேர்ந்தால் செலவு பெரிதில்லை. பக்கத்தில் வேறொரு ஆண்டின் இரண்டு பாட்டில் கட்டாயம் இருக்கட்டும். ஒப்பிட ஆளில்லாமல் உயரம் தெரியாது. பாட்டில்களைத் தாளில் சுற்றி எண் போடுங்கள். வெப்பம் 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னையானாலும் சிங்கப்பூரானாலும் நம் வீட்டு அறை வெப்பத்தில் ஊற்றினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். குளிர்பெட்டியில் வைத்து, அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் எடுங்கள். கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு போதும். துப்புவதற்கு ஒரு பாத்திரம் வையுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். துப்பாமல் நாலாவது கோப்பைக்கு மேல் எவர் சொல்லும் கருத்தையும் நான் நம்புவதில்லை.

உமிழ்நீர் விஷயம் இங்கேதான் வேலையைக் காட்டும். டேனின் உமிழ்நீரின் புரதத்தைத் தின்றுகொண்டே போகிறது. அடுத்தடுத்து ருசித்தால் வாய் வற்றி, கடைசியில் வரும் ஒயின் எதுவானாலும் முரடாகத் தெரியும். 2011 ஏப்ரலில் இதைப் பாடமாகக் கற்றேன். 2010ஆம் ஆண்டின் பீப்பாய் மாதிரிகள் ஒரு நாள் முழுக்க. 2010 டேனினும் புளிப்பும் ஆல்கஹாலும் மூன்றும் உயர்ந்து நின்ற ஆண்டு. மாலையில் நாற்பதுக்கு மேல் போன பிறகு ஒரு செயின்ட் எஸ்தெஃப் வந்தது. ‘கரடு, பச்சை’ என்று எழுதினேன். அந்த நிலவறைக்குப் பொறுப்பாக இருந்த அம்மையார், அறுபதைத் தாண்டியவர், என் குறிப்பைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. ‘நாளைக் காலை எட்டரைக்கு வா’ என்றார். போனேன். கல் தரை சில்லென்றிருந்தது. பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழாயில் புதிதாக எடுத்து அதே ஒயினை ஊற்றினார். வாயில் வைத்ததும் பட்டுத்துணியை நாக்கின் மேல் இழுத்தது போல இருந்தது. அடர்த்தியான பட்டு, ஆனால் பட்டுதான். முந்தின நாள் நான் எழுதிய கரடு முழுக்க முழுக்க வற்றிப்போன என் வாயினுடையது. அன்றிலிருந்து ஆறு கோப்பைக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீரும் ஒரு துண்டு ரொட்டியும் எடுத்து, பத்து நிமிடம் நடந்துவிட்டுத்தான் தொடர்கிறேன். சந்தேகமான ஒயினை மறுநாள் முதல் கோப்பையாக வைக்கிறேன்.

இப்போது கோப்பைக்குள். நிறத்தில் அதிகம் நிற்க வேண்டாம். கோப்பையைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். ஊதா இளமை, செங்கல் நிறம் முதுமை. தன் வயதுக்கு முன்பே விளிம்பு பழுத்திருந்தால் கவனியுங்கள், அவ்வளவுதான். கறுப்பாக இருப்பது உயர்வு என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம்.

மூக்கு ஆண்டைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லும். குடைமிளகாயை நறுக்கிய பச்சை வாசனை முன்னால் நின்றால், பைரசின் என்ற பொருள் வெயிலில் கரையாமல் மிஞ்சியிருக்கிறது, காபர்னே பழுக்கவில்லை. இலேசாக இருந்தால் குற்றமில்லை, சொல்லப்போனால் எனக்கு அது பிடிக்கும். எல்லா ஒயினிலும் அதுவே முதலில் வந்தால் குளிர்ந்த ஆண்டு. மறுபக்கம், உலர்திராட்சையும் அத்திப்பழ ஜாமும் மணந்தால் வெயில் பழத்தைச் சமைத்துவிட்டது. 2003இல் நிறைய அப்படி. இரண்டுக்கும் நடுவே, காசிஸ் என்ற சின்னக் கறுப்புப் பழத்தின் மணமும், புதிதாகச் சீவிய பென்சில் வாசனையும் தெளிவாக வந்தால் மெதோக் தன் இயல்பில் இருக்கிறது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அது தக்கையின் கோளாறு, குதிரை லாய வாசனை வந்தால் நிலவறையின் கோளாறு. அந்த பாட்டிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆண்டின் மேல் பழி போடக் கூடாது.

வாயில் ஒரு பெரிய மிடறு எடுத்து, பத்து நொடி எல்லாப் பக்கமும் அலசி, துப்பிவிட்டு, நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கள். சென்ற குளிர்காலத்தில் மெதோக்கின் தென்பகுதியான ஓ-மெதோக்கில் ஒரே எளிய தோட்டத்தின் 2013ஐயும் 2016ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினேன். ஒரே மண், ஒரே கை, மூன்று ஆண்டு இடைவெளி. 2013 நாக்கு நுனியில் சிவப்புப் பழமாக, துள்ளலாகத் தொடங்கியது. தொடக்கம் அழகு. இரண்டு நொடியில் நாக்கின் நடுவுக்கு வந்தபோது அங்கே ஒன்றுமில்லை. ஒரு பள்ளம். தண்ணீர் போலக் கடந்து, கடைசியில் கீழ் ஈறிலும் கன்னத்தின் ஓரத்திலும் சிறு கறையாக ஒரு துவர்ப்பு ஒட்டி நின்றது. பழம் போன பிறகும் அது மட்டும் நின்றது. அதுதான் வாழைக்காய் ஜாதி. 2016 தொடக்கத்தில் அவ்வளவு பேசவில்லை. நடுவில் அகன்றது. துவர்ப்பு ஓரிடத்தில் குத்தாமல் வாய் முழுதும் மாவு போல, மிக நைசான மாவு போலப் பரவியது. உண்மையில் இழுப்பு அதிகம், 2013ஐவிட மிக அதிகம். ஆனால் துப்பிய பிறகு நாக்கின் இரு ஓரத்திலும் எச்சில் ஊறியது, அந்த ஈரத்தோடு பழம் திரும்பி வந்தது. எண்ணினேன், பன்னிரண்டு நொடி வரை. பிரெஞ்சில் இந்த நொடிக்கு ‘கொதாலி’ என்று தனிப்பெயர் உண்டு. எட்டுக்கு மேல் எளிய ஒயினில் வந்தால் நான் அந்த ஆண்டை மரியாதையோடு பார்ப்பேன்.

எச்சில் ஊறுவது புளிப்பின் வேலை, அதை மறக்கக் கூடாது. டேனின் வாயை உலர்த்த, புளிப்பு நனைக்கிறது. இரண்டும் கைகோத்து நடந்தால்தான் அடுத்த மிடறு எடுக்கத் தோன்றும். 2003 போல வெப்பத்தில் புளிப்பு கரைந்த ஆண்டில் துவர்ப்பு தனியாக நிற்கும், நனைக்க ஆளில்லை. தொண்டையில் சூடு ஏறுகிறதா என்பதையும் பாருங்கள். பாட்டிலில் ஆல்கஹால் 14.5 சதவீதம் என்று இருந்தும் எரியவில்லை என்றால் உள்ளே தாங்குவதற்கு வேறு சதை இருக்கிறது. 2022 கடும் வெப்பமும் வறட்சியுமான ஆண்டு. இன்னொரு 2003 என்று நான் பயந்தேன். ஆனால் ருசித்தவற்றில் எதிர்பாராத குளுமை இருந்தது. வெயிலின் அளவை மட்டும் வைத்து ஆண்டைத் தீர்ப்பளிப்பதை அதோடு நிறுத்திவிட்டேன்.

மதிப்பெண் பற்றிக் கேட்டீர்கள். புகழ்பெற்ற மதிப்பெண்களில் பெரும்பகுதி ‘ஆன் ப்ரிமர்’ என்ற வசந்தகால ருசியில், அறுவடை முடிந்து ஆறேழு மாதத்தில் போடப்படுபவை. அப்போது ஒயின் பீப்பாயில் குழந்தை. பாட்டிலுக்குப் போக இன்னும் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருக்கும். அந்த வாரத்துக்கென்று கலந்து எடுத்த மாதிரி, காலையில் திறந்தது மாலையில் வேறாக இருக்கும். புது ஓக் பீப்பாயின் இனிப்பு பழத்தின் இனிப்பு என்று ஏமாற்றும். நானும் அந்த வாரத்தில்தான் வேலை செய்கிறேன், தவிர்க்க முடியாது. ஆனால் அப்போது பழத்தையும் மணத்தையும் பற்றி நான் எழுதுவது பாதி ஊகம். டேனினைப் பற்றி எழுதுவது மட்டும் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பெயர் பெற்றது 1982ஆல். இவ்வளவு பழுத்து மெத்தென்று இருக்கும் ஒயின் நீடிக்காது என்று பலர் சந்தேகப்பட்டபோது அவர் உயர்ந்த ஆண்டு என்று உறுதியாக நின்றார். காலம் அவர் பக்கம் பேசியது. மெத்தென்ற துவர்ப்பு பலவீனம் ஆகாது என்பதற்கு 1982 சாட்சி. இதன் மறுபக்கம் 1975. தோல் தடித்து, டேனின் இறுகி, நீண்ட காலம் நிற்கும் ஆண்டு என்று வரவேற்கப்பட்டது. டேனின் இளகுவதற்குள் பல ஒயின்களில் பழம் வற்றிப்போனது. வாழைக்காய் ஜாதித் துவர்ப்பைப் பாட்டில் பழுக்க வைக்காது. நெல்லி ஜாதித் துவர்ப்பை வைத்தால் அது நிறப்பொருளோடு சேர்ந்து, ஒரு பகுதி வண்டலாகப் படிந்து, மீதி மெருகேறும்.

இனி உங்கள் ஐந்து பாட்டில். என்ன சாப்பிட்டுக்கொண்டு குடித்தீர்கள் என்று எழுதவில்லை. மிளகாய்க் காரத்தோடு குடித்திருந்தால் துவர்ப்பும் ஆல்கஹால் எரிச்சலும் இரட்டிப்பாகியிருக்கும். அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இந்த வாரம் இன்னொன்றைத் திறந்து, ஒரு கண்ணாடி ஜாடியில் மெல்ல ஊற்றி வையுங்கள். ஊற்றியவுடன் ஒரு மிடறு, ஒரு மணி நேரம் கழித்து ஒரு மிடறு. பிறகு காரமில்லாமல் உப்பும் மிளகும் மட்டும் போட்டுச் சுட்ட ஆட்டிறைச்சியோடு அரைக் கோப்பை. மெதோக்கில் உள்ள பொயாக் ஊரே தன் ஒயினுக்குத் தன் ஆட்டுக்குட்டியைத்தான் துணை வைக்கிறது. பாதி பாட்டிலைத் தக்கை அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் எடுத்துக் குளிர் போன பிறகு குடியுங்கள். நல்ல டேனின் உள்ள ஒயின் இரண்டாம் நாள் திறந்துகொள்ளும். பழம் மங்கிப் பச்சைத் துவர்ப்பு மட்டும் மிஞ்சினால் கடைக்காரர் தந்தது நல்ல ஆண்டின் சுமாரான தோட்டம், அதுவும் உண்டு. மிஞ்சிய நான்கை இருட்டில், 12 முதல் 14 டிகிரியில் படுக்க வைத்து இரண்டாண்டுக்கு ஒன்றாகத் திறக்கலாம். அத்தகைய இடம் இல்லையென்றால் வெப்பத்தில் வைத்துக் கெடுப்பதைவிட இரண்டாண்டுக்குள் குடித்துவிடுங்கள். திறக்கும் அன்று முடிந்தால் அந்த நண்பரிடம் 2013 இன்னொன்று கேட்டு வாங்கி, தாளில் சுற்றி, எது எது என்று வீட்டில் யாராவது ஒருவருக்கு மட்டும் தெரிய, இரண்டையும் பக்கத்தில் ஊற்றி வையுங்கள். துப்பிய பிறகு எச்சில் ஊறும் வரை காத்திருந்து எழுதுங்கள்.